யார் தலையில் கட்டுகிறீர்கள்?
ஆப் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

தரமணியிலிருந்து சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்தும், கோவை, மதுரை, நெல்லைப் பக்கம் வீட்டிலிருந்தபடியும் கோட் எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். நானும் உங்கள் தொழில்தான். கோபால், ஃபாக்ஸ்புரோ, சி, ஜாவா என்று அந்தந்தக் காலத்தில் எந்தக் கணினி மொழி சோறு போட்டதோ அதில் எழுதிப் பிழைத்தவன். ஓய்வு பெற்றபின் ஒரு புது வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் குடியிருப்பில் யாருடைய போனில் எந்த ஆப் முரண்டு பிடித்தாலும், "அந்த சார் கம்ப்யூட்டர்ல இருந்தவரு, அவர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, காப்பி உண்டு.

ஆக, நீங்கள் எழுதி அனுப்பிவிட்டு மறந்துபோனதெல்லாம் கடைசியில் என் வீட்டு வராந்தாவுக்கு வந்து சேர்கிறது. கேஸ் பதிவு, மின்கட்டணம், வங்கி, ஆஸ்பத்திரி டோக்கன், பள்ளிக்கூட ஃபீஸ், ரயில் டிக்கெட் என்று எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்த்ததில் சொல்லத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். உங்கள் புரோகிராம் செய்யவேண்டிய வேலையை, அதைப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டாதீர்கள். கீழே எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு வரிக்கான உரைதான்.

இந்தத் தலையில் கட்டும் பழக்கம் பழையது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் மொத்தம் 80 பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. ஒரு ஆளின் பெயர், ஊர், பிறந்த தேதி, சம்பளம் எல்லாம் அந்த 80-க்குள் அடங்கியாக வேண்டும். ஆண்டுக்கு நான்கு இலக்கம் ஒதுக்குவது ஊதாரித்தனம், இரண்டு போதும் என்று நறுக்கினார்கள். அட்டை போய் டேப்பும் டிஸ்க்கும் வந்த பிறகும் அந்தச் சிக்கனம் கோபால் புரோகிராம்களுக்குள் குடியிருந்தது. 1990-களின் கடைசியில் அதுதான் ஒய்டூகே என்று உலகத்தையே மிரட்டியது. அதைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் காலூன்றிய கம்பெனிகள் நம் ஊரிலும் நிறைய உண்டு. உங்களில் சிலருடைய அப்பாவோ அம்மாவோ அந்த வேலையில் வீடு கட்டியிருக்கலாம்.

1983-ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி என்ற பெட்டியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஹார்டு டிஸ்க் 10 மெகாபைட். இன்று உங்கள் போன் எடுக்கும் படங்களில் மூன்று நான்கை வைத்தால் அந்த டிஸ்க் நிரம்பிவிடும். மனுஷன் மலிவு, மெஷின் விலை அதிகம் என்ற கணக்கு அன்று செல்லுபடியானது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடி, இடைவெளி விடாதே, இத்தனை எழுத்துக்கு மேல் போகாதே என்று மெஷினுக்காக மனுஷன் வளைந்துகொடுத்தான். இன்று பத்தாயிரம் ரூபாய் போனில் எட்டு கோர், ஒவ்வொன்றும் ஜிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுகிறது. கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆனால் இன்னும் வளைவது மனுஷன்தான்.

ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கத்தையும் நான்கு நான்காகப் பிரித்து அச்சடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு அதுதான் வசதி. டெபிட் கார்டின் 16 இலக்கமும் அப்படித்தான். அட்டையில் உள்ளபடியே ஒருவர் இடைவெளி விட்டு அடித்தால் உங்கள் ஃபாரம் "தவறான எண்" என்கிறது. எண் தவறில்லை. இடைவெளிகளை நீக்க எந்த மொழியிலும் ஒரு வரி கோட் போதும். அந்த வரியை எழுதாமல், "இடைவெளி இல்லாமல் உள்ளிடவும்" என்று சிவப்பில் ஒரு வரி எழுதி வைக்கிறீர்கள். இரண்டுமே ஒரு வரிதான். முதலாவது வரியை நீங்கள் ஒருமுறை எழுதினால் முடிந்தது. இரண்டாவது வரியை லட்சம் பேர் படித்து, பின்னோக்கிப் போய், அழித்து, மறுபடி அடிக்க வேண்டும். மனுவில் புள்ளி வைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய பழைய தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவை நாம் கதை கதையாகத் திட்டுகிறோமே, அவரைத்தான் நீங்கள் கோடில் எழுதி உட்காரவைத்திருக்கிறீர்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா போனோடு வந்தார். எழுபத்தைந்து தாண்டியவர். ஒரு காப்பீட்டு ஆப்பில் பிறந்த தேதி கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் தொட்டால் ஒரு காலண்டர் திறக்கிறது, இந்த மாதத்தில். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒரு தட்டுக்கு ஒரு மாதம் பின்னால் போகும். அவர் பிறந்தது 1948-ல். "தம்பி, நான் தட்டிக்கிட்டே இருக்கேன், இன்னும் கொரோனாவையே தாண்டல" என்றார். மேலே உள்ள ஆண்டைத் தொட்டால் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும்; அது தொடக்கூடிய இடம் என்று அந்தத் திரையில் எந்த அடையாளமும் இல்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களும் நம்பர் கீபோர்டும் கொடுத்திருந்தால் எட்டு தட்டலில் முடியும். யாருக்கும் தன் பிறந்த தேதியைக் காலண்டரில் தேட வேண்டிய அவசியமில்லை. காலண்டர் அடுத்த வாரம் பல் டாக்டரைப் பார்க்கப் பயன்படும்.

அதே ஃபாரத்தில் அடுத்த பெட்டி, "கடைசிப் பெயர்". அதில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும். நம் ஊரில் எத்தனை பேருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? இனிஷியலும் பெயரும், அவ்வளவுதான். இனிஷியலில் இருப்பது அப்பா பெயர். சிலருக்கு ஊர் பெயரும் சேர்ந்து இரண்டு எழுத்து. இப்போது அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பள்ளிச் சான்றிதழிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் வேறொரு நாட்டுக் குடும்பப் பெயர் வழக்கத்துக்காக வெட்டிய பெட்டியை அப்படியே எடுத்து ஒட்டுகிறீர்கள். ஒருவர் ஓர் ஆப்பில் அப்பா பெயரைக் கடைசியில் போடுகிறார், இன்னொன்றில் ஒற்றை எழுத்தைப் போடுகிறார். "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று அது திருப்பி அடித்தால் அதே எழுத்தை இரண்டுமுறை போடுகிறார். பிறகு வங்கியில் ஒரு பெயர், பான் அட்டையில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர். "பெயர் பொருந்தவில்லை" என்று க்ளெயிம் திரும்பி வரும்போது அலைகிறவர் அவர்தான்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். விசாவில் அவர்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து நிற்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்தையே தன் பெயராகச் சுமந்துகொண்டு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு என்று அலைந்தவர்கள் ஏராளம். ஒரு டேட்டாபேஸில் ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று யாரோ முடிவுசெய்ததன் பலன் இது. "முழுப் பெயர்" என்று ஒரே பெட்டி. வேண்டுமானால் "உங்களை எப்படி அழைப்பது?" என்று இன்னொன்று. இதற்கு மேல் கேட்பதாக இருந்தால், கேட்பதற்குச் சட்டப்படியான காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பெயர் என்று வந்தபிறகு தமிழைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஒரு சின்ன மருத்துவமனையில் தமிழிலேயே பதிவு செய்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பெயர் ஸ்ரீதேவி. கவுண்டரில் இருந்த பெண் தேடினார், இல்லை என்றது. "போன மாசம்தான் வந்தேன்" என்கிறார் இவர். மறுபடி தேடினார், மறுபடியும் இல்லை. புதிதாக இன்னொரு பதிவு போட்டுவிட்டார்கள். பழைய ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் பழைய பதிவில் கிடக்கும். டாக்டர் முன்னால் வெற்றுத் திரைதான் வரும்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது கல்லூரியில் சொல்லித்தருவதில்லை. யூனிகோடில் அந்த முதலெழுத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். ஸகரத்தில் தொடங்கி அமைப்பது பழைய வழி. 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் என்ற தனி எழுத்து சேர்ந்தது. அதிலிருந்து அமைப்பது மற்றொரு வழி. பெரும்பாலான ஃபான்ட்டுகளில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கண்ணுக்கு ஒரே ஸ்ரீதேவி. கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். முதல்முறை பதிவு செய்தவரின் கீபோர்டு ஒரு வழியில் அடித்திருக்கிறது, இப்போது தேடுகிறவரின் கீபோர்டு மற்றதில் அடிக்கிறது.

இது ஒன்று மட்டும் என்று நினைக்காதீர்கள். ஔவை என்ற பெயரில் ஔகாரம் ஒற்றை எழுத்து. அதை ஒகரமும் ளகரமுமாகச் சேர்த்து அடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; பார்வைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கௌரி, சௌந்தர்யா, மௌலி எல்லோருக்கும் இதே கதி. துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இந்தக் கடைசிச் சிக்கலை யூனிகோடே வகுத்திருக்கும் இயல்பாக்கல் முறை தீர்த்துவிடும். பெரும்பாலான கணினி மொழிகளில் அதற்கு ஆயத்த ஃபங்ஷன் இருக்கிறது, கூப்பிட்டால் போதும். ஸ்ரீயையும் ஔவையையும் அது தீர்க்காது. அதற்கு நீங்களே ஒரு சின்ன அட்டவணை எழுத வேண்டும். ஒரு மதிய வேளை வேலை. அதை எழுதாவிட்டால் கவுண்டரில் இருக்கும் பெண்ணும், ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கும் ஸ்ரீதேவியும் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

எழுத்து எண்ணுவதும் அப்படித்தான். கோமதி என்றால் நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். "பெயர் 20-க்குள் இருக்கவேண்டும்" என்று விதி எழுதும்போது, எதில் 20 என்று யோசித்தீர்களா? பைட் கணக்கில் என்றால் கோமதிக்கு இடம் இருக்கும், கோமதிநாயகத்துக்கு இருக்காது. பெயர் நடுவில் அறுந்து, கடைசியில் ஒரு கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். எஸ்எம்எஸ்ஸில் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70 குறியீடு, அதுவும் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி. "தமிழ்ல அனுப்பினா செலவு ஜாஸ்தி சார்" என்று ஆங்கிலத்திலேயே ஓடிபி அனுப்புகிறார்கள். செலவு கம்பெனிக்கு மிச்சம். அந்தச் செய்தியை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்கிற வேலை எதிர்வீட்டு அம்மாவுக்கு. ஓடிபியை யாரிடமும் காட்டாதே என்று அறிவுரை வேறு.

இதையெல்லாம் நாங்கள் பார்க்காததல்ல. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு ஃபான்ட், தனக்கென ஒரு குறிமுறை வைத்திருந்தது. இந்தத் தளத்தைப் படிக்க இந்த ஃபான்ட்டை இறக்கு, அந்தத் தளத்துக்கு அதை இறக்கு என்பார்கள். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்ற தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அதையொட்டி வந்தன. இணையத்தில் ஒன்றுகூடியவர்கள் டிஸ்கி என்ற தரத்தைத் தாங்களே உருவாக்கிப் புழங்கினார்கள். சண்டை சச்சரவு எல்லாம் நடந்தது. அந்தச் சண்டை போட்டவர்களில் பலர் சம்பளம் வாங்காமல், ராத்திரியில் விழித்திருந்து செய்தார்கள். படிக்கிறவர் ஃபான்ட் இறக்கும் வேலையிலிருந்து விடுபடவேண்டும் என்பதற்காகத்தான். இன்று நீங்கள் எந்தப் போனை எடுத்தாலும் தமிழ் தானாகத் தெரிகிறது. மிச்சமிருப்பது உங்கள் பங்கு.

பயன்படுத்துகிறவர் தலையில் கட்டாதே என்ற விஷயத்தை எனக்குமுன் அழகாகச் சொன்ன ஓர் ஆள் இருக்கிறார். லாரி டெஸ்லர். கட், காப்பி, பேஸ்ட் என்று இன்று தூக்கத்தில்கூடச் செய்கிறோமே, 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர், பிறகு ஆப்பிளுக்குப் போனார், 2020-ல் காலமானார். எந்தப் புரோகிராமிலும் குறைக்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கும், அதை ஒழிக்க முடியாது, யாராவது ஒருவர் சுமந்தே ஆகவேண்டும், சுமப்பது எழுதுகிறவரா பயன்படுத்துகிறவரா என்பதுதான் கேள்வி என்பது அவர் வாதம். டெஸ்லர் விதி என்று அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பதைவிட எஞ்சினியர் ஒரு வாரம் கூடுதலாக உழைக்கலாம் என்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆப்பை 10 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். அசட்டையாக விட்ட ஒரு திரையால் ஆளுக்கு ஒரு நிமிடம் வீண். 10 லட்சம் நிமிடம் என்பது 16,666 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாள் என்று வைத்தால் 2,083 நாள். ஒரு மனுஷன் ஏழெட்டு வருஷம் உழைப்பதற்குச் சமம். அது ஒரே ஒருமுறை திறந்ததற்கு. மாதாமாதம் திறக்கும் ஆப் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு கதைக்கு வருகிறேன். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்ற விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து பரவியது. எழுதியவர் பில் பர். 2017-ல் அதே நிஸ்ட் அதைத் திருத்தி எழுதியது: காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்தாதே, நீளமாக வைக்க விடு, பேஸ்ட் செய்ய அனுமதி. பில் பர்ரே பழைய விதிகளுக்காக வருத்தம் தெரிவித்தார். காரணம் எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனுஷன் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவான். அதையும் மறந்துவிடுவான் என்று காலண்டர் பின்பக்கம் எழுதிவைப்பான்.

இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊர் வங்கி ஆப்களில் அதே பழைய விதிகளைப் பார்க்கிறேன். பாஸ்வேர்டு பெட்டியில் பேஸ்ட் செய்யவும் விடுவதில்லை. பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்கத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. இருபது எழுத்தில் தாறுமாறான ஒன்றைத் தானே தயாரித்து வைத்துக்கொள்ளும். பேஸ்ட்டைத் தடுத்தால் அதைப் பயன்படுத்துவது பெரும்பாடு. பிறகென்ன, பேரன் பெயரும் பிறந்த வருஷமும்தான். பாதுகாப்பு என்று பெயர் வைத்துப் பாதுகாப்பைக் குறைக்கிறீர்கள்.

உடனே ஒருவர் கேட்பார்: "எல்லாத்தையும் சுலபமாக்கினா திருடனுக்கும் சுலபமாகாதா?" நியாயமான கேள்வி. சில இடங்களில் ஆளை நிறுத்தத்தான் வேண்டும். 2016-ல் வந்த யூபிஐ-யைப் பாருங்கள். பணம் அனுப்புமுன் எதிராளியின் பெயரைக் காட்டுகிறது, வழக்கமாகப் பின் எண்ணைக் கேட்கிறது. அந்த இரண்டு நொடி நிறுத்தம் தேவையானது. எத்தனையோ பேரின் பணம் தவறான ஆளுக்குப் போகாமல் தடுத்திருக்கும். டீக்கடை முதல் பூக்காரம்மா வரை அதை எடுத்துக்கொண்டதற்கு, வேண்டாத இடத்தில் அது யாரையும் நிறுத்தாததும் ஒரு காரணம். கணக்கு எண்ணை அடி, கிளைக் குறியீட்டை அடி என்று படுத்தாமல் ஒரு க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால் போதும் என்று ஆக்கினார்கள். சிக்கல் எங்கும் போய்விடவில்லை. வங்கிகளுக்கிடையில், சர்வர்களுக்கிடையில், திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

அதே பணம் அனுப்பும் வேலையில் வழக்கமாகச் சறுக்கும் இடமும் உண்டு. நெட்வொர்க் நடுவில் போய்விட்டால் திரையில் வருவது, "ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்." என்ன தவறு? பணம் போயிற்றா, போகவில்லையா? மீண்டும் முயன்றால் இரண்டுமுறை போகுமா? பயன்படுத்துகிறவருக்கு அந்த நேரத்தில் தெரியவேண்டியது இந்த மூன்றுதான், மூன்றையும் சொல்வதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம்முறை வந்தால் சர்வர் அதைப் புதிதாக எடுத்துக்கொள்ளாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்படி எழுதுவது நம் தொழிலில் பழைய வித்தை. அப்படி எழுதிவிட்டால், "பணம் போகவில்லை, தைரியமாக மறுபடி அழுத்துங்கள்" என்றோ, "வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை, மறுபடி அழுத்தினாலும் இரண்டுமுறை போகாது" என்றோ தமிழில் பளிச்சென்று சொல்லலாம்.

ஓடிபி பெட்டியில் நேரம் ஓடுவதையும் சொல்லவேண்டும். செய்தி வருகிறது, கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்ணைப் படித்து, ஆப்புக்குத் திரும்பினால் நேரம் முடிந்துவிட்டது என்று முதல் பக்கத்துக்கே தள்ளிவிடுகிறது. நிரப்பியதெல்லாம் போச்சு. ஓடிபிக்கு நேரம் குறிப்பது சரி. புதிய ஓடிபி அனுப்பிவிட்டு அதே இடத்தில் நிற்க என்ன தடை? அடித்த முகவரியை ஏன் அழிக்க வேண்டும்? இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பில் இதற்கென்றே ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: ஒரே வேலையின்போது ஒருவர் ஒருமுறை கொடுத்த தகவலை மறுபடி அடிக்கச் சொல்லாதே. அதிலுள்ள மூன்று படிகளில் இது அடிப்படிக்குரிய விதி. எங்கள் வராந்தாவுக்கு வரும் ஆப்களில் பாதி அந்த அடிப்படியிலேயே விழுந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற புரோகிராமர், தன் லினக்ஸ் கணினியில் உள்நுழைவது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தது தெரிந்தது. உலகமெங்கும் சர்வர்களுக்குள் பரவுமுன் பிடிபட்டது. நான் இதை உங்களுக்குச் சொல்வது பாதுகாப்புக்காக அல்ல. அரை நொடி ஒருவருக்கு உறுத்தியது, அதற்காக. உங்கள் ஆப் திறக்க ஏழு நொடி ஆகிறது, உங்களுக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது விலை உயர்ந்த போன், ஆபீஸ் வைஃபை. அதே ஆப் வேலூர் பஸ்ஸில், உடைந்த திரையோடு, மெமரி நிரம்பிய போனில் எப்படித் திறக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது ஏஐ கோட் எழுதுகிறது. நானும் பயன்படுத்துகிறேன், அலுப்பான வேலைகளை நன்றாகவே செய்கிறது. ஒரு பதிவு ஃபாரம் எழுதித் தா என்று கேட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் தந்தது: முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். அது படித்து வளர்ந்த ஃபாரங்கள் அப்படி. கோமதிநாயகத்தையும் ஸ்ரீதேவியையும் கேட்காமலே அது நினைத்துப் பார்க்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். நீங்கள் கேட்டால் செய்யும். கேட்க, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இரண்டு நாள் எடுத்த வேலை இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது என்கிறீர்கள். சந்தோஷம். மிச்சமான நேரத்தை எதில் போடுகிறீர்கள்? இன்னும் நாலு புது வசதியிலா, இருப்பது சரியாக நடப்பதிலா?

"மேனேஜர் நேரம் தரமாட்டார் சார்" என்பீர்கள். தெரியும். எந்தக் காலத்து மேனேஜரும் தந்ததில்லை. ஆனால் எண்ணிலிருந்து இடைவெளியை நீக்க மீட்டிங் வேண்டாம். பிறந்த தேதிப் பெட்டியில் நம்பர் கீபோர்டு வரவைக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம். "ஏதோ தவறு" என்ற வாக்கியத்தை மாற்ற அரைமணி நேரம் போதும். நான் சொன்னதில் பாதி இந்த ரகம்தான். கோட் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போதே, கேட்காமலே செய்துவிட்டுப் போகவேண்டியவை. மீதிப் பாதிக்கு மேனேஜரிடம் போகும்போது மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். கருணை என்று பேசினால் கேட்கமாட்டார். உதவி மையத்துக்கு வரும் போன் எத்தனை குறையும் என்று பேசினால் நிமிர்ந்து உட்காருவார்.

எழுதுகிறவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் நடுவில் இன்று தூரம் அதிகமாகிவிட்டது. நாங்கள் ஃபாக்ஸ்புரோவில் பில் போடும் புரோகிராம் எழுதினால், கடைக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தப்பாக இருந்தால் அங்கேயே திட்டு விழும். உங்களுக்கு வருவதெல்லாம் வரைபடமும் சதவீதமும். 92 சதவீதம் பேர் ஃபாரத்தை முடித்தார்கள் என்று டாஷ்போர்டு பச்சையாகக் காட்டும். மிச்சம் எட்டு சதவீதம் என் வராந்தாவில் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நீங்கள் எழுதிய ஆப்பை உங்கள் அம்மாவின் போனில் ஏற்றுங்கள். அவர் போனில், அவர் கையில், அவர் மொழியில். இனிஷியலோடு பெயரைப் பதியச் சொல்லுங்கள். நடுவில் மொபைல் டேட்டாவை ஒருமுறை அணையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். "அங்க அமுத்தும்மா" என்று சொல்லக்கூடாது. அவர் எங்கெல்லாம் நிற்கிறாரோ அங்கெல்லாம் உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. குறித்துக்கொண்டு வந்து திங்கட்கிழமை முதல் ஒவ்வொன்றாக முடியுங்கள். சந்தேகம் இருந்தால் வராந்தாவுக்கு வாருங்கள். காப்பி என் செலவு.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன் ஒருவன்